பாராமகாலின் புலிக்கோடு: மைசூர்க் கைவினைகளில் இயற்கையும் தாயத்தும்

தென்பெண்ணையாற்றின் கரையில், கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையில் அமைந்த காவேரிப்பட்டினத்தை இன்று வெளியூரார் மாம்பழத்தாலும் நிப்பட்டாலும் அறிவர். பெயரைக் கேட்டதும் பூம்புகாரை நினைத்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்குறிப்புகளைப் படிப்பவனுக்கு இவ்வூர் வேறொரு முகம் காட்டுகிறது. 1767-இல் முதல் மைசூர்ப் போர் மூண்டபோது ஆங்கிலக் கும்பினிப் படை இவ்வூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஹைதர் அலி அதனை மீட்டுக்கொண்டார். சில நாட்களுக்குள், செப்டம்பர் 3 அன்று, செங்கத்தில் இரு படைகளும் மோதின. பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று பொருள்படும் பாராமகால் முழுவதும் அக்காலத்தில் மைசூருக்கும் கர்நாடக நவாபின் நாட்டுக்கும் இடைப்பட்ட வாசற்படியாக இருந்தது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின்மீது நடத்திய இரவுத் தாக்குதல் தோற்றது. போரில் விழாத அந்த மலை 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியின் கைக்குப் போயிற்று. மேலேயுள்ள ஓசூர் மேட்டுநிலமோ 1799 வரை திப்பு சுல்தானிடமே இருந்தது. ஆக, இன்று இரு மாநிலங்களின் தொழிற்பேட்டைகள் நெருங்கி நிற்கும் இப்பகுதிக்குள்ளேயே ஏழாண்டுக் காலம் ஓர் எல்லைக்கோடு ஓடியது.

கோட்டைகளைப் பற்றியும் படைகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்த அரசின் கைவினைஞர்களைப் பற்றி, அவர்கள் கைபட்ட மரத்தையும் இரும்பையும் பட்டையும் பற்றி, நம்மவர் எழுதியது குறைவு. திப்பு சுல்தானைப் பற்றி மேடைகளில் பேசும் நம் அறிஞர்கள் ராக்கெட்டைச் சொல்வார்கள், கப்பற்படையைச் சொல்வார்கள். அவரது கனவுக் குறிப்பேட்டையும் புயத்தில் கட்டியிருந்த தாயத்தையும் பற்றிப் பேசுவதில் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. ஆங்கிலேயர் அவற்றை மூடநம்பிக்கையின் சான்றாகக் காட்டினார்கள் என்பதே அக்கூச்சத்தின் காரணம். இந்தக் கூச்சத்தால் நாம் இழப்பது சிறிதன்று. இயற்கையிலிருந்தும் மறைபொருள் நம்பிக்கையிலிருந்தும் ஒருசேரப் பிறந்த ஒரு கலைமரபு, அதனோடு நம் பார்வையிலிருந்து நழுவிப்போகிறது.

இம்மரபின் தலையாய வடிவம் புலிக்கோடு. பாரசீகத்தில் ‘பப்ர்’ என்றால் வேங்கை. வேங்கையின் உடற்கோட்டைப் பிரித்தெடுத்து, இரு முனையும் கூர்ந்து நடுவில் நெளியும் சிறு சுடர்போல் வரைந்த அலங்காரத்தைப் ‘பப்ரி’ என்றனர். சிப்பாய்களின் சீருடையில் அது அச்சிடப்பட்டது. வாளின் கைப்பிடியில் பொறிக்கப்பட்டது. துப்பாக்கியிலும் கொடியிலும் இடம்பெற்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரும் அவர் துணைவியாரும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸின் உட்சுவர்களில் இக்கோடுகள் இன்றும் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அக்கல்லறை மாடத்துக்குள் நிற்பவனுக்கு ஒரு வேங்கையின் உடலுக்குள்ளேயே நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அங்கே எந்த விலங்கின் உருவமும் இல்லை. உயிருள்ளவற்றின் உருவம் சமைப்பதில் நம் மார்க்க அறிஞர்களுக்கு உள்ள தயக்கத்தை அந்த ஓவியர்கள் அறிந்தவர்களே. விலங்கை வரையாமல் அதன் ஆற்றலை மட்டும் சுவரில் இறக்கிவைக்க அவர்கள் கண்ட வழி இது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது வழி எழுத்து. ‘அஸதுல்லாஹில் காலிப்’, அதாவது வெற்றிவாகை சூடும் அல்லாஹ்வின் சிங்கம் என்னும் சொற்றொடர், ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர்களுள் ஒன்றைத் தாங்கியது. மைசூரின் எழுத்தோவியர் அச்சொற்றொடரை இடமும் வலமும் கண்ணாடிப் பிரதிபோல் இணைத்து எழுதி, அவ்வெழுத்துகளிலிருந்தே ஒரு வேங்கையின் முகம் தோன்றச் செய்தனர். கண்ணும் மூக்கும் மீசையும் எல்லாம் அறபு எழுத்தின் வளைவுகளே. அது ஆயுதங்களிலும் கொடிகளிலும் பொறிக்கப்பட்டது. அரசின் முத்திரை, பக்தியின் வெளிப்பாடு, காப்பு மந்திரம் என்ற மூன்று வேலைகளை ஒரே உருவம் செய்தது.

இங்கே ஒரு மொழிநுட்பம் கவனிக்கத்தக்கது. அஸத் என்பது சிங்கம். ஹைதர் என்பதும் சிங்கத்தையே குறிக்கும் சொல். அதுவும் அலீ (ரலி) அவர்களின் பெயர். ஆனால் மைசூர்க் காட்டில் சிங்கம் இல்லை, வேங்கை உண்டு. தக்கணத்தில் வழங்கிய ‘ஷேர்’ என்னும் சொல்லோ இரண்டையும் குறிக்கும். அறபு மரபின் சிங்கம் தென்னிந்தியக் காட்டுக்கு வந்து வேங்கையானது இச்சொல்லின் வழியாகவே. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு படிமத்தை உள்ளூர்க் காடு தன் நிறத்துக்கு மாற்றிக்கொண்டது. நம் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களில் அறபு நாட்டு வருணனையில் மருதநிலத்து நெல்வயலும் வாழைத்தோப்பும் வந்து அமர்ந்துகொள்வதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஆஸ்திரேலிய வரலாற்றாய்வாளர் கேட் பிரிட்டில்பேங்க் 1995-இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வேங்கையைச் ‘சக்தி’, ‘பரக்கத்’ என்னும் இரு சொற்களால் விளக்கினார். அம்மனின் ஊர்தியாக வேங்கையைக் கண்ட குடிமக்களுக்கும், வேங்கைமேல் ஏறிவந்த இறைநேசர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த முஸ்லிம்களுக்கும் ஒரே அடையாளம் இருவேறு பொருளில் பேசியது என்பது அவர் கருத்து. இது ஏற்கத்தக்கதே. சுல்தானின் பெயரே இம்மரபிலிருந்து வந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் நினைவாகவே பிள்ளைக்கு அப்பெயர் இடப்பட்டது. மைசூர்ப் புலி என்று உலகம் அழைத்தவரின் பெயர் நம் தமிழகத்துத் தர்கா ஒன்றிலிருந்து சென்றது.

மூன்றாவது வழியில் தயக்கம் ஏதுமில்லை. விலங்கு முழு உருவிலேயே வந்தது. பொன்தகடு போர்த்த எண்கோண அரியணையை ஒரு பெரும் வேங்கைத் தலை தாங்கியது. சுற்றுக் கைப்பிடியில் மணிகள் பதித்த எட்டுச் சிறு வேங்கைத் தலைகள். விதானத்தின் உச்சியில் ஹுமா பறவை. ஹுமாவின் நிழல் எவர்மேல் விழுகிறதோ அவர் அரசாள்வார் என்பது பாரசீக மரபு. அது தரையில் இறங்குவதேயில்லை என்றும் சொல்வர். கும்பினியை வெல்லும்வரை அவ்வரியணையில் ஏறுவதில்லை என்று சுல்தான் உறுதிபூண்டிருந்தார் என்பது வழிவழிச் செய்தி. 1799 மே 4-க்குப் பின் கொள்ளைப் பங்கீட்டு அதிகாரிகள் அரியணையைத் துண்டு துண்டாக உடைத்தனர். ஹுமாவும் பெரிய வேங்கைத் தலையும் இங்கிலாந்து அரசக் குடும்பத்தின் சேகரத்தில் சேர்ந்தன. சிறு தலைகள் தனித்தனியே அலைந்தன. அவற்றுள் ஒன்று நாட்டைவிட்டு வெளியேறாமலிருக்க 2021-இல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதித் தடை விதித்தது. ஒரு கலைப்பொருள் எவருடைய பாரம்பரியம் என்ற கேள்விக்கு அத்தடை தரும் விடையில் ஒரு நகைச்சுவை இருக்கிறது.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள மரப்புலியை அனைவரும் அறிவர். ஏறத்தாழ 178 சென்டிமீட்டர் நீளம். வண்ணம் தீட்டிய மரம். கீழே கிடக்கும் ஐரோப்பியனின் கழுத்தை வேங்கை கவ்வியிருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கி மனிதனின் ஓலமும் வேங்கையின் உறுமலும் எழும். மனிதனின் கை உயர்ந்து தாழும். வேங்கையின் விலாப்பக்கம் திறந்தால் ஒரு சிறு ஆர்கன் இசைக்கருவி. 1808 முதல் கும்பினியின் இலண்டன் மாளிகையில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கண்டவர்கள் அதனை ஒரு கொடுங்கோலனின் குரூர விளையாட்டு என்று எழுதினார்கள். உள்ளிருக்கும் இயந்திர நுட்பம் ஐரோப்பியக் கைகளின் பங்கைக் காட்டுகிறது. மரச்செதுக்கும் வண்ணமும் மைசூர்க் கைகளுடையவை. தன்னியங்கிப் பொறிகளைப் பற்றி 1206-இல் நூலெழுதிய அல்ஜஸரீயின் மரபை அறிந்தவர்கள், வியப்பூட்டும் பொறிகளில் முஸ்லிம் அரசவைகளுக்கு இருந்த நெடுங்கால ஈடுபாட்டை இங்கே நினைவுகூர்வார்கள்.

இனி பாராமகாலுக்கே உரிய பொருளுக்கு வருகிறேன். அது எஃகு. சேலம், பாராமகால் பகுதிகளின் மலையடிவாரங்களில் கிடைத்த கருமணலையும் காந்தக் கல்லையும் சிறு மண் உலைகளில் உருக்கி இரும்பெடுத்தனர். அவ்விரும்பை எஃகாக்கிய முறையைச் சென்னை மாகாண அதிகாரியாயிருந்து பின்னர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத் 1839-இல் விளக்கியிருக்கிறார். சிறு துண்டுகளாக்கிய இரும்பை மண் மூசையிலிட்டு, அதன் எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரைச் சுள்ளிகளை நறுக்கிச் சேர்ப்பர். மேலே பச்சை எருக்கிலை ஒன்றோ இரண்டோ வைத்து மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். மண் காய்ந்தபின் இருபது இருபத்துநான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி இரண்டரை மணிநேரம் துருத்தி ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி கிடைக்கும்.

ஆவாரையும் எருக்கும் எங்கும் கிடைக்கும் செடிகள். ஏன் அவையே வேண்டும்? சுள்ளியிலும் இலையிலுமுள்ள கரிமம் மூடிய மூசைக்குள் இரும்போடு கலந்து எஃகாகிறது என்று இன்றைய வேதியியல் கூறும். அக்கால உலைக்காரர்களுக்கு இச்சொற்கள் தெரியாது. ஆனால் எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாழிகை என்பது தெரிந்திருந்தது. இந்த எஃகைக் கன்னட ‘உக்கு’ என்னும் சொல்லிலிருந்து வந்த பெயரால் ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றனர். மைக்கேல் பாரடே இளம்வயதில், 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இதனை ஆராய்ந்து இதன் இரகசியத்தைப் பிடிக்க முயன்றார். வாளாகத் தட்டி அமிலம் பூசியபோது இதன்மேல் நீரோட்டம்போல் எழுந்த கோடுகளைக் கண்டவர்கள் அதில் மாயம் இருப்பதாகவே நம்பினர். ஒரு நல்ல மைசூர் வாளின் கைப்பிடியில் மனிதர் பொறித்த புலிக்கோடும், அலகில் எஃகு தானே காட்டிய அலைக்கோடும் எதிரெதிரே அமைந்தன.

ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த மெய்யியலாளர் அல்கிந்தீ வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். இந்திய வாள்களையும் ஸரந்தீப் என்ற இலங்கை வாள்களையும் அதில் பிரித்துக் கூறுகிறார். அதே அல்கிந்தீயின் பெயரில், விண்மீன்களின் கதிர்களும் எழுத்துகளின் ஒலிகளும் பொருள்கள்மேல் எவ்வாறு செயல்படுகின்றன என்று பேசும் நூலொன்று இலத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டும் எஞ்சியிருக்கிறது. வாளின் உலோகமும் எழுத்தின் மறைபொருளும் ஒரே அறிஞருக்கு ஆய்வுப்பொருளாயின என்பது நம் இன்றைய பிரிவினைகளுக்கு அடங்காத செய்தி. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் சூனியத்துக்கும் தல்ஸமாத் என்னும் மந்திரக் காப்புகளுக்கும் தனிப் பகுதிகள் ஒதுக்கி, அவற்றை விவரித்தபின் மார்க்கம் அவற்றை விலக்குவதையும் கூறினார். விலக்குவதற்கு முன் அறிந்துகொண்டார் என்பதே முக்கியம்.

இந்தப் பின்னணியில்தான் சுல்தானின் தாயத்தைப் பார்க்க வேண்டும். 1799 மே 4 மாலை பிணக்குவியலுக்குள் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டபோது வலப்புயத்தில் ஒரு காப்பு கட்டப்பட்டிருந்தது. மேஜர் பீட்ஸன் 1800-இல் வெளியிட்ட நூல் அதனை வருணிக்கிறது: பூவேலைப் பட்டுத் துணியில் தைத்து மூடப்பட்ட, வெள்ளி நிறமுள்ள நொறுங்கும் உலோகம், அறபும் பாரசீகமும் எழுதிய தாள்கள். அன்று காலையில் நாள் நல்லதன்று என்று சோதிடர் கூற, யானையும் எள்ளும் எருமையும் தானமளித்தார் என்றும் அவர் எழுதுகிறார். ஸம்ஸம் நீரில் தோய்த்ததால் ஆயுதம் தீண்டாதது என்று சொல்லப்பட்ட தலைக்கவசமொன்றும் வெற்றிப்பொருளாக இங்கிலாந்து சென்றது.

சோதிடர் சொல்லுக்கு அஞ்சுவது மார்க்கத்துக்கு உடன்பாடன்று. இதில் கருத்து வேறுபாடில்லை. இறைவசனம் எழுதிய தாயத்தைப் பொறுத்தவரை அறிஞர்களுள் அனுமதித்தோரும் உண்டு, தடுத்தோரும் உண்டு. பிற மந்திர எழுத்துகளை வன்மையாகத் தடுத்தனர். சுல்தானின் புயத்திலிருந்தது எவ்வகை என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே நாட்களில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் அதிர்ஷ்டக் காசும் புனிதர் பதக்கமும் அணிந்து போருக்குச் சென்ற வீரர்கள் எத்தனையோ பேர். அவர்களுடையது நம்பிக்கையாகவும் இவருடையது மூடத்தனமாகவும் எழுதப்பட்டது வென்றவர் கையில் பேனா இருந்ததால்தான்.

கனவுக் குறிப்பேடும் அவ்வாறே. தம் கையாலேயே பாரசீகத்தில் சுல்தான் எழுதிவைத்த 37 கனவுகள் அதிலுள்ளன. 1800-இல் கும்பினி இயக்குநர்களிடம் அது சேர்க்கப்பட்டது; இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஒரு கனவில் மூன்று வெள்ளித் தட்டுகளில் சாண் நீளமுள்ள புதிய பேரீச்சம்பழங்கள் அவர்முன் வைக்கப்படுகின்றன. மூன்று பகைவரின் நாடுகள் தம் கைக்கு வரும் என்று அவரே பொருள் எழுதிக்கொள்கிறார். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களைக் கண்ட கனவும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் உண்மைக் கனவுக்கு அளித்த மதிப்பையும், இப்னு ஸீரீன் பெயரால் வழங்கும் கனவு நூல்களையும் அறிந்த ஒரு முஸ்லிம் இதனைப் படித்து நாணவேண்டியதில்லை.

அவர் நூலகம் சுமார் 2000 ஏடுகளைக் கொண்டது. அதற்குப் பட்டியல் தயாரித்து 1809-இல் வெளியிட்ட சார்லஸ் ஸ்டூவர்ட், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டப்பட்ட நூல்களின் தோலட்டையைக் கவனித்து எழுதியிருப்பது நன்று. நடுப்பதக்கத்தில் அல்லாஹ், முஹம்மது (ஸல்), ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் பெயர்கள். நான்கு மூலைகளில் நான்கு கலீபாக்களின் பெயர்கள். மேலே ‘ஸர்காரெ குதாதாத்’. கீழே ‘அல்லாஹு காஃபீ’. ஷீஆ, ஸுன்னீ மரபுகள் இரண்டும் ஒரு தோலட்டையில் சண்டையின்றி அமர்ந்திருக்கின்றன. அந்த நூற்கட்டுநர் யார் என்று எங்கும் எழுதப்படவில்லை.

நாணயச்சாலையும் இம்மனப்பாங்கிலிருந்து விலகியதன்று. செப்புக் காசில் யானை. காசுகளின் பெயர்களோ வானத்திலிருந்து வந்தவை: முஷ்தரி வியாழன், ஸுஹரா வெள்ளி, பஹ்ராம் செவ்வாய், அக்தர் விண்மீன், குத்ப் துருவமீன். வெள்ளியில் அபிதீ, பாகிரீ, ஜஃபரீ, காஸிமீ என்று இமாம்களின் பெயர்கள். மிகச் சிறிய வெள்ளிக் காசுக்கு மட்டும் நீர்வழிகளின் காவலராக மக்கள் போற்றும் கிழ்ர் (அலை) அவர்களின் பெயர். சந்தையில் கீரை வாங்கியவள் கையிலும் ஒரு கோள் இருந்தது.

பட்டுத்தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வங்காளத்திலிருந்தும் மஸ்கத்திலிருந்தும் பட்டுப்புழு தருவிக்க 1780-களின் நடுவில் சுல்தான் எழுதிய கடிதங்கள் 1811-இல் கிர்க்பாட்ரிக் வெளியிட்ட தொகுப்பில் உள்ளன. 21 இடங்களில் வளர்க்கத் திட்டமிட்டார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் இன்று காணும் மல்பெரித் தோட்டங்கள் மைசூர்ப் பட்டு மண்டலத்தின் தொடர்ச்சியே.

ஓசூரிலிருந்து பெங்களூரைத் தாண்டி மைசூர்ச் சாலையில் சென்றால் சென்னபட்டணம் வரும். நம் சென்னையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1800-இல் அங்கு சென்ற பிரான்சிஸ் புக்கானன் இசைக்கருவிகளுக்கான எஃகு நரம்புகளும் கண்ணாடிப் பொருள்களும் செய்வதைக் குறித்தார். இன்று அவ்வூர் மரப்பொம்மைக்குப் பெயர்பெற்றது. 2000-களின் நடுவில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரசீகக் கைவினைஞரைத் திப்பு சுல்தான் வரவழைத்தார் என்பது அங்குள்ளோர் சொல்லும் வரலாறு. அது செவிவழிச் செய்தி. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் இத்தொழிலைப் புதுப்பித்து நிலைநிறுத்தினார் என்பதை அவ்வூரார் நன்றியோடு சொல்கின்றனர்.

தொழிலின் முறை எளியது. நாம் வெட்பாலை என்று அழைக்கும் மரத்தின் வெண்ணிற மென்கட்டை. அதை உலர்த்திக் கடைசலில் ஏற்றிச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுப்பர். அரக்குப்பூச்சி தரும் அரக்கில் மஞ்சளும் அவுரி நீலமும் கலந்து செய்த குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். கடைசியாகத் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் மெருகு ஏறும். தூரிகை இல்லை, அடுப்பு இல்லை. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசலில் பிறந்தவையே. மரம், பூச்சி, வேர், இலை ஆகிய நான்கும் ஒரு குழந்தையின் கிலுகிலுப்பையில் சந்திக்கின்றன.

சென்னபட்டணத்துக் கடைசல் பட்டறைகளில் கணிசமானோர் முஸ்லிம்கள், பெண்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்குப் பெங்களூரிலும் பிடதியிலும் ஆலைகள் மாதச் சம்பளம் தருகின்றன. ஓசூர்ப் பக்கத்து நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. இதில் வருந்த ஒன்றுமில்லை, பசித்தவனிடம் மரபைப் பேசக்கூடாது. ஆயினும் பாராமகாலின் எஃகுக்கு நேர்ந்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மலிவான ஆங்கில இரும்பு வந்தது. காட்டுக்கரி எடுக்கச் சட்டங்கள் தடுத்தன. சில தலைமுறைகளில் உலைகள் அவிந்தன. எத்தனை நாழிகை ஊதவேண்டும் என்று அறிந்த கடைசி மனிதர் யாரென்று எவரும் எழுதிவைக்கவில்லை. சேலம் மாவட்டத்தின் பழைய உலைக்களங்களில் இரும்புக் கிட்டம் இன்றும் கிடக்கிறது. சுற்றிலும் ஆவாரை பூத்திருக்கும், எருக்கும் வளர்ந்திருக்கும்.